அக்காவின் சம்பளம், தம்பியின் சம்பளம்: ஒரு நோட்டுக் கணக்கு

"அவளுக்கென்ன, கவர்மென்ட் உத்தியோகம். ஊரே மூடிக் கிடந்தாலும் மாசக் கடைசியில சம்பளம் விழுந்துடும்."

2020 கோடையில் சென்னையின் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது எழுந்திருக்கும். உடனே மறுபக்கத்திலிருந்து பதில் வரும்: "எங்க பஞ்சப்படியையும் நிறுத்திட்டாங்க, அது உங்களுக்குத் தெரியுமா?" இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டு உண்மைகளையும் ஒரே தராசில் வைத்து யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதனால் பேச்சு சண்டையாகவே முடிகிறது.

அந்தச் சண்டையைக் கணக்காக மாற்றும் வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு பேருடைய சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புத்தகம் இருந்தால் போதும். புரிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் ஒரு குடித்தனம். அக்கா பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போய் எழிலகத்தில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். தம்பி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஆட்களும் அவர்களுடைய சம்பளத் தொகையும் எடுத்துக்காட்டுக்கு. விதிகளும் தேதிகளும் சதவீதங்களும் நிஜம்.

1. காலத்தை முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு மாதத்தை எடுத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. 2020 ஏப்ரலை மட்டும் பார்த்தால் அக்கா ராணி. நல்ல தீபாவளி வியாபாரம் நடந்த ஒரு வருஷத்தின் அக்டோபரை மட்டும் பார்த்தால், இன்சென்டிவ் வாங்கிய தம்பி ராஜா. நெருக்கடியை ஒப்பிட வேண்டுமானால் நெருக்கடி முழுவதையும் எடுக்க வேண்டும்.

நாம் 2020 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை 24 மாதங்களை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. கொரோனா ஊரடங்கு பலமுறை சென்னையை முழுதாக மூடியது. அரசு ஊழியரின் பஞ்சப்படி, அதாவது அகவிலைப்படி, உயராமல் நின்ற காலமும் இந்த 24 மாதங்களுக்குள்தான் அடங்குகிறது.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: தேதி, தொகை, ஆதாரம். மூன்றாவது பத்தி இப்போதைக்கு அவசியமில்லாததுபோலத் தோன்றும். விட்டுவிடாதீர்கள்.

2. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள்

"அரசு ஊழியர்" என்பது ஒரே ஆள் இல்லை. அவர் எந்த வருஷம் சேர்ந்தார் என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள், அதாவது சி.பி.எஸ்.ஸுக்குள் வந்தார்கள். அவர்களுடைய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இருவர் கணக்கும் வேறு.

அதே 2003-இல், ஜூலை 2-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். "அரசு வேலையை யாரும் அசைக்க முடியாது" என்று பேசும்போது அந்த வருஷத்தையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, வேலையின் தன்மை. இளநிலை உதவியாளரின் ஊதியம் 2017-இல் வந்த திருத்தத்தின்படி 19,500 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. கடைக் கணக்கரை ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கணக்கரைக் கணக்கரோடு, டிரைவரை டிரைவரோடு ஒப்பிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அக்காவும் தம்பியும் பட்டதாரிகள், இருவருக்கும் கோப்பும் கணக்கும்தான் வேலை, சர்வீஸும் ஏறத்தாழ ஒரே அளவு.

3. சம்பளச் சீட்டைப் பிரித்து எழுதுங்கள்

அக்காவின் அடிப்படை ஊதியம் 30,000 என்று வைப்போம். 17 சதவீத அகவிலைப்படி 5,100. இரண்டும் சேர்ந்து 35,100. வீட்டு வாடகைப்படி, நகர ஈட்டுப்படி, மருத்துவப்படி ஆகியவற்றைக் கீழே தனியாக எழுதுங்கள். பிறகு பிடித்தம்: சி.பி.எஸ். 3,510. அரசும் அதே அளவு தொகையை அவர் கணக்கில் போடும்.

தம்பியிடம் கேட்டால் "முப்பதாயிரம்" என்பார். அது சி.டி.சி. அவருக்காகக் கம்பெனி ஒதுக்கும் மொத்தத் தொகை. அதைப் பிரியுங்கள். அடிப்படை 15,000 என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,800. பணிக்கொடைக்கான ஒதுக்கீடு 721. இரண்டையும் கழித்தால் 27,479. அதில் தம்பியின் பங்குக்கான பி.எஃப். 1,800 போனால் கையில் வருவது 25,679. ஆக, முப்பதாயிரம் என்று சொன்னதற்கும் வங்கியில் விழுந்ததற்கும் இடையே நாலாயிரத்துச் சொச்சம் இடைவெளி. பேச்சில் தீராத பல தகராறுகள் இந்த ஒரு கழித்தலில் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2020 மே, ஜூன், ஜூலை மாதங்களுக்கு மட்டும் பி.எஃப். பிடித்தத்தை மத்திய அரசு 12-இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. முழுச் சம்பளம் வந்திருந்தால், தம்பிக்கு அவருடைய பங்கில் மாதம் 300 ரூபாய் கையில் கூடுதலாக வந்திருக்கும். அது சம்பள உயர்வு இல்லை, அவருடைய சேமிப்பே முன்கூட்டிக் கைக்கு வந்தது. அதை வரவில் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு கொரோனாவுக்காக பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்க அனுமதி கிடைத்தது: மூன்று மாத அடிப்படை ஊதியம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அது. அதுவும் வரவு இல்லை. முதுமையிடம் வாங்கிய கடன்.

4. அரசுப் பக்கத்தின் வெட்டை எழுதுங்கள்

அரசுச் சம்பளத்தில் விழும் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. கையில் வரும் தொகை குறைவதில்லை, ஏற வேண்டியது ஏறாமல் நிற்கிறது. அதனால்தான் வெளியில் இருப்பவர்கள் அதை வெட்டாகவே பார்ப்பதில்லை.

2020 ஏப்ரல் 23-ஆம் தேதி மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தியது. சில நாட்களில் தமிழ்நாடு அரசும் பின்தொடர்ந்தது. மாநில ஊழியர்களுக்கு 17 சதவீதம் 2021 டிசம்பர் வரை அப்படியே நின்றது. 2022 ஜனவரி 1 முதல்தான் 31 சதவீதமானது. இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை கிடையாது.

எவ்வளவு இழப்பு? உயர்வு வழக்கம்போல வந்திருந்தால் 2020 முதல் பாதியில் 4 சதவீதமும், இரண்டாம் பாதியில் 7-உம், 2021 முதல் பாதியில் 11-உம், இரண்டாம் பாதியில் 14-உம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். நான்கையும் கூட்டினால் 36. ஒவ்வொன்றும் ஆறு மாதம், ஆக 216 சதவீதம். அதாவது இரண்டு மாத அடிப்படை ஊதியத்துக்கு மேல். அக்காவின் 30,000-க்கு அது 64,800 ரூபாய். ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வை இங்கே சேர்க்கவில்லை, அது நிற்காமல் வந்தது.

அதே ஏப்ரலில் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவதும் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 15 நாள் என்றால் அக்காவுக்கு 17,550. இரண்டு ஆண்டுக்கு 35,100. ஓராண்டுக்கு என்று தொடங்கிய தடை பல ஆண்டுகள் நீண்டது. ஆனால் நேர்மையாக ஒரு குறிப்பும் எழுத வேண்டும்: சரண் செய்யாத விடுப்பு கணக்கிலேயே நிற்கும், ஓய்வுபெறும்போது 240 நாள் வரை பணமாக்கலாம். எனவே இது முழு இழப்பு இல்லை, தள்ளிப்போன வரவு.

இரண்டையும் சேர்த்தால் 99,900. அக்காவின் 35,100 ரூபாய் மாத ஊதியத்தில் இது 2.85 மாதம்.

அக்கா அரசுத் துறையில் இல்லாமல் பொதுத்துறை நிறுவனத்தில், உதாரணமாக மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் அடையாறு பணிமனையில் இருந்திருந்தால் இன்னொரு வரியும் உண்டு. வழக்கமாக 20 சதவீதமாக இருந்த தீபாவளி போனஸும் கருணைத் தொகையும் 2020-இல் 10 சதவீதமாகக் குறைந்தது. 16,800 ரூபாய் வாங்கியவர் கையில் 8,400.

5. தனியார் பக்கத்தின் வெட்டை எழுதுங்கள்

இங்கே அரசாணை இல்லை. பாஸ்புத்தகம்தான் சாட்சி. மாதா மாதம் வந்த தொகையைப் பார்த்து, வர வேண்டியதிலிருந்து கழியுங்கள்.

தம்பிக்கு 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பாதிச் சம்பளம். ஜூன் 19 முதல் 30 வரை சென்னை மறுபடி முழுதாக மூடப்பட்டது. அந்த மாதம் ஒன்றும் வரவில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இல்லாத ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 70 சதவீதம். 2021 மே 10-ஆம் தேதி தொடங்கிய முழு ஊரடங்கில், மே, ஜூன் மாதங்களுக்குப் பாதி. கூட்டுங்கள்: 0.5, 0.5, 1, பிறகு ஆறு மாதத்துக்கு 1.8, கடைசியில் 1. மொத்தம் 4.8 மாதச் சம்பளம். வேலை போகாதவருடைய கணக்கு இது. வேலையே போனவரின் பக்கத்தில் அந்த 4.8 என்பது 10 ஆகவோ 14 ஆகவோ இருக்கும்.

சட்டம் துணைக்கு வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது, நிலைக்கவில்லை. ஊரடங்கு நாட்களுக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த 50 நாள் சம்பளத்தை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடைப் பையன் முதலாளியின் எதிரே உட்கார்ந்து எதைப் பேசித் தீர்ப்பான்? கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021 செப்டம்பரில்தான்.

இந்த இடத்தில் ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். மாதம் 21,000 வரை வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தரும் ஏற்பாடு 2020-இல் இருந்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. தம்பியின் கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கும் பெண்களில் பலர் இதற்குத் தகுதியானவர்களாக இருந்திருக்கலாம். யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்டு அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 2.85 மாதம், 4.8 மாதம். பலரும் நினைப்பதுபோல ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் முழு இழப்பும் இல்லை. ஆனால் தொகையைவிட முக்கியம் அது விழுந்த விதம். அக்காவின் இழப்பு 24 மாதத்தில் சிறுகச் சிறுகப் பரவியது. எந்த மாதமும் அவர் 35,100-க்குக் கீழே போகவில்லை. தம்பிக்கு ஒரு மாதம் பூஜ்யம். வாடகை பூஜ்யமாகவில்லை, பால்காரர் பாக்கி நிற்கவில்லை. அந்த மாதத்தை ஓட்ட அடகு வைத்த வளையலுக்கான வட்டியையும் இழப்பில் சேர்த்து எழுதினால்தான் அவர் கணக்கு முழுமையாகும்.

6. விலைவாசியால் வகுங்கள்

நுகர்வோர் விலை உயர்வு நாட்டளவில் 2020-21-இல் சராசரி 6.2 சதவீதம், 2021-22-இல் 5.5. இரண்டையும் சேர்த்தால் 12 சதவீதம். 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 2021-22-இல் 112 கொடுக்க வேண்டியிருந்தது.

அக்காவின் அகவிலைப்படி 17-இலிருந்து 31 ஆனது. 117 ரூபாய் 131 ஆனது என்று பாருங்கள், அதுவும் 12 சதவீதம்தான். அகவிலைப்படியைக் கணக்கிடப் பயன்படும் தொழிலாளர் விலைக் குறியீடு வேறு என்றாலும் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதாவது 2022 ஜனவரியில் அக்கா புதிதாக எதையும் பெறவில்லை, இருந்த இடத்துக்குத் திரும்பினார். தம்பியின் 27,479 ரூபாய் முழுதாகத் திரும்ப வந்திருந்தாலும், பழைய விலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 24,500. அவரைத் திரும்பக் கொண்டுவரும் படி எதுவும் சம்பளச் சீட்டில் இல்லை. என் பார்வையில் இரண்டு துறைகளுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அரசுச் சம்பளத்தில் விலைவாசியோடு கட்டிய கயிறு ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் அது தளரும், பிறகு இழுக்கும். தனியாரில் கயிறே இல்லை.

7. நாளைக்கு வருவதை எழுதுங்கள்

தம்பிக்காகக் கம்பெனி கட்டும் 1,800-இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அக்காவின் சி.பி.எஸ்.ஸிலும் அந்த நாளில் உறுதியான ஓய்வூதியம் என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இருவரும் இந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக இருந்தார்கள்.

வேலையின் நீளத்தில் நெருக்கம் இல்லை. 2020 மே 7-ஆம் தேதி மாநில அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போட்டு அரசு மூச்சு விட்டது. பணியில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கூடியது. தம்பிக்கு ஓய்வு வயது என்ற வரியே நிச்சயம் இல்லை.

8. இரண்டு பக்கத்திலும் இல்லாதவர்களுக்கு மூன்றாம் பக்கம்

இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை முதலில் எழுதுங்கள். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பரில் நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டு. அக்காவின் அலுவலகத்தில் ஓய்வு தள்ளிப்போன ஒவ்வொரு நாற்காலிக்கும் வெளியே ஒருவர் காத்து நின்றார். அவருடைய இழப்பு எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது, ஏனென்றால் அவருக்குச் சம்பளமே இல்லை.

அடுத்து, அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர். ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித்தருபவர். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், 2021-இல் 10,000 ஆனது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்தும் அக்காவின் பக்கத்தில் அவருக்கு இடமில்லை.

கடைசியாக, வாசலைப் பெருக்குபவர். 2020 அக்டோபரில், தொற்று இன்னும் ஓயாத நேரத்தில், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட மண்டலங்களில் தூய்மைப் பணி தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. தெரு அதே தெரு, குப்பை அதே குப்பை. ஊருக்கான வேலை, ஆனால் சம்பளம் தனியாருடையது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்ததற்குக் காரணம் தங்கள் மண்டலங்களுக்கும் வந்த இதே மாற்றம்தான். "அரசா, தனியாரா" என்ற கேள்விக்குள் அடங்காத இவர்களை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி எதுவும் சரியாக இருக்காது.

9. ஆதாரப் பத்தியைப் படியுங்கள்

எல்லாம் எழுதி முடித்த பிறகு மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள்.

அக்காவின் பக்கத்தில் அது நிறைந்திருக்கும். எந்தத் தேதியில் எந்த ஆணையால் எவ்வளவு நின்றது என்பதற்கு எண் உண்டு, கையெழுத்து உண்டு. அதனால்தான் ஊழியர் சங்கங்களால் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடிந்தது. 2021 ஆகஸ்ட் 9-இல் நிதி வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று சொன்ன அதே அரசு, நான்கே மாதம் கழித்து 14 சதவீதத்தையும் கொடுத்தது. இழப்பு காகிதத்தில் இருந்ததால், போன பணம் வராவிட்டாலும் நின்ற சதவீதமாவது திரும்பி வர வழி இருந்தது. அந்தக் கடன் கணக்கில் தம்பியின் குடும்பமும் ஒரு குடும்பம்.

தம்பியின் பக்கத்தில் பாஸ்புத்தகத்தைத் தவிர அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும். "இந்த மாசம் பாதிதான், பிறகு பார்த்துக்கலாம்" என்று கேஷ் கவுன்டரில் சொன்ன வாய்ச்சொல்லுக்கு எண் இல்லை. 4.8 மாதச் சம்பளம் எங்கே போனது என்று யாரையும் அவர் கேட்க முடியாது, யார் சொல்லிக் குறைந்தது என்பதற்குச் சாட்சி இல்லாததால்.

ஆகவே ஒப்பீட்டின் முடிவில் அக்காவின் சம்பளத்தைப் பார்த்துப் பொருமுவதால் தம்பிக்கு ஒரு ரூபாயும் வராது. அக்காவுக்கு இருக்கும் காகிதம் தம்பிக்கும் வேண்டும். அதற்கான முதல் அடி பெரியதல்ல. மாதா மாதம் சம்பளச் சீட்டு கேளுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதைக் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. யு.ஏ.என். எண்ணைப் போட்டு பி.எஃப். பாஸ்புத்தகத்தைப் பாருங்கள். மாதம் ஏதாவது விடுபட்டிருந்தால் இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் பி.எஃப். அலுவலகம் மயிலாப்பூரிலிருந்து தூரமில்லை. சம்பளம் குறைப்பதாக யார் சொன்னாலும், அன்று இரவே தேதி போட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அவருக்கு அனுப்பிவையுங்கள்: "இன்று நீங்கள் சொன்னபடி இந்த மாதம் பாதி, மீதி பிறகு." அந்த ஒரு வரி, நோட்டின் மூன்றாவது பத்தியில் தம்பி எழுதும் முதல் பதிவு.